பதினொரு பனங்குற்றி

மச்சான் அந்தக் கடிதத்தை மேசையில், என் பாண் துண்டுக்கும் தேத்தண்ணிக் கோப்பைக்கும் நடுவில் வைத்தான். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவன், ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. "இதில என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்றான். லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக்கு ஆங்கிலத்தில் வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது ஒன்பது வயதிலிருந்தே என் உத்தியோகம். கவுன்சில் வரி, அம்மாவின் ஆஸ்பத்திரித் தவணை, அப்பாவின் கார் இன்சூரன்ஸ் எல்லாம் என் வாய் வழியாகத்தான் தமிழுக்கு வந்தன. சம்பளமில்லாத அந்த உத்தியோகத்தில் நான் ஒரேயொரு தடவைதான் பொய் சொன்னேன். அது அந்தக் காலையில்.

மச்சான் என் மாமியின் மகன். மாமி அப்பாவுக்கு அக்கா. என்னைவிட அவனுக்கு மூன்று வயது கூட. பத்தொன்பது வயதில் தனியாக லண்டன் வந்து சேர்ந்தவனுக்கு என் அறையில் இரண்டாவது கட்டில் போட்டார்கள். மேசைப் பந்து விளையாடிய இடம் பறிபோனதே உலகத்தில் யாருக்கும் நேராத துயரம் என்று நான் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவனுடைய அகதி விண்ணப்பம் முதல் தரம் நிராகரிக்கப்பட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று பனங்குற்றி. ஊரில் சண்டைக் காலத்தில் அவனும் அவனுடைய அப்பாவான என் மாமாவும் பதுங்கு குழி வெட்டி, மேலே கூரையாகப் பனைமரத்தைத் தறித்த குற்றிகளை அடுக்கி மண் போட்டிருக்கிறார்கள். விசாரணையில் ஓரிடத்தில் பன்னிரண்டு குற்றி என்றான், இன்னோரிடத்தில் பதினொன்று என்றான். முரண்பாடு இருக்கிறது, ஆகவே நம்பமுடியாது என்று எழுதிவிட்டார்கள். அந்த முரண்பாடுதான் முழுக் கதையுமே. பன்னிரண்டு வேண்டியிருந்தது, பதினொன்றுதான் கிடைத்தது. "இது காணும் அப்பா, தாங்கும்" என்று சொன்னது பதினைந்து வயது மச்சான். அதன் மேல் குண்டு எதுவும் விழவில்லை. மழைதான் பெய்தது. நனைந்த மண்ணின் பாரத்தில் கூரை இறங்கியபோது உள்ளே மாமா மட்டும் இருந்தார்.

மேன்முறையீட்டுக்குச் சட்டத்தரணி ஆங்கிலத்தில் ஒரு வாக்குமூலம் கேட்டார். எனக்கு வயது பதினாறு. நாலு சனிக்கிழமை அவன் தன் கட்டிலில் இருந்து சுவரைப் பார்த்தபடி தமிழில் சொன்னான். நான் என் கட்டிலில் இருந்து மடிக்கணினியில் ஆங்கிலத்தில் தட்டினேன். அவன் பேச்சு நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும், முடிந்துவிட்டதாக்கும் என்று நான் கால்பந்து ஆட்டம் ஒன்றைத் திறப்பேன். கொஞ்சம் பொறுத்து அவன் மறுபடி தொடங்குவான். குழி எத்தனை அடி அகலம், மண் எத்தனை அடி உயரம் என்பதெல்லாம் அவனுக்கு அச்சொட்டாக நினைவிருந்தது. கடைசிச் சனிக்கிழமை, கேட்காமலே ஒரு வசனம் சொன்னான். பன்னிரண்டாவது குற்றி இருந்திருந்தால் தாங்கியிருக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் பொறியியல் படிக்க விரும்புகிறானாம். அதையும் தட்டினேன். வழக்கு வென்றது. அம்மா எனக்குக் கோழிப் புரியாணி செய்து தந்தாள். என் ஆங்கிலம் ஒரு மனிதனைக் காப்பாற்றிவிட்டது என்று நான் பல மாதம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

என்னைத்தான் அது காப்பாற்றவில்லை. ஏ-லெவலில் எனக்கு வந்த பெறுபேற்றுத் தாளில் ஏ என்ற எழுத்து பரீட்சையின் பெயரில் மட்டும் இருந்தது. மகன் எந்தப் பல்கலைக்கழகம் என்று கோயிலில் யாராவது கேட்டால் அப்பாவுக்கு இருமல் வந்துவிடும். கேட்டவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடும் வரை நிற்காது. எனக்குக் கிடைத்தது கோயிலில் ஒருவரும் பெயர் கேட்டிராத ஒரு பல்கலைக்கழகம். மச்சானும் அங்கேதான், என்னோடு ஒரே வருடத்தில், அதே கட்டடப் பொறியியல் படித்தான். அவன் ஏறி வந்த படியும் நான் வழுக்கி விழுந்த படியும் ஒன்று. முதல் வருட முடிவில் அங்கிருந்து மாறிப்போக ஒரு வழி இருந்தது. நகரத்தின் நடுவில், பெயரைக் கேட்டாலே அப்பாவின் இருமல் நிற்கக்கூடிய பல்கலைக்கழகம் ஒன்று, இரண்டாம் வருடத்துக்கு வெளியிலிருந்து ஓரிருவரை எடுக்கும். முதல் வருடப் புள்ளிகள் வேண்டும், ஆசிரியரின் பரிந்துரை வேண்டும், ஏன் இந்தத் துறை என்று சொந்தமாக எழுதிய ஒரு பக்கமும் வேண்டும். நான் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "கடிதம் கையில கிடைக்கு மட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாத. கண் படும்" என்றாள். அதற்கு முதல் கிழமை மச்சானும் அவளிடம் அதே பல்கலைக்கழகத்தைச் சொல்லி அதே புத்திமதியை வாங்கியிருந்தது எனக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் படுத்தவனின் கண்ணிலிருந்து அம்மா எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

புள்ளிகள் எப்படியோ வந்துவிட்டன. அந்த ஒரு பக்கம்தான் வரவில்லை. ஏன் இந்தத் துறை என்பதற்கு என்னிடம் இருந்த உண்மையான பதில், அப்பா சொன்னார் என்பது. அதை நாலு விதமாக எழுதிப் பார்த்தும் மூன்று வரியைத் தாண்டவில்லை. பிறகு மடிக்கணினியில் மச்சானின் வாக்குமூலம் இருந்த பழைய கோப்பைத் திறந்தேன். சும்மா பார்க்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எல்லா வசனமும் ஏற்கெனவே 'நான்' என்றுதான் இருந்தது. மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. கீழே முன் அறையில் அப்பா காலை நீட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்க, மேலே நான் அவரைப் பதினொரு பனங்குற்றிக்குக் கீழே போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் தேத்தண்ணி கேட்டுக் குரல் கொடுத்தார். இறங்கிப்போய் ஊற்றிக் கொடுத்தேன். நான் லண்டனில் பிறந்தவன் என்பது படிவத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வருபவர் முதல் பக்கத்தை மறந்திருப்பார் என்று கணக்குப் போட்டேன். என் படிப்புக் காலத்தில் சரியாக வந்த மிகச் சில கணக்குகளில் அதுவும் ஒன்று. நேர்காணலுக்கு அழைத்தார்கள், போய் வந்தேன், இடம் கிடைத்தது. அப்பா இருமாமல் கோயிலுக்குப் போனார். மச்சான் கேக் வாங்கி வந்து, முதல் துண்டை என் வாயில் தீத்தினான். தானும் விண்ணப்பித்திருப்பதைச் சொல்லவில்லை. கடிதம் இன்னும் அவன் கைக்கு வரவில்லை அல்லவா.

வந்த கடிதம்தான் இப்போது என் பாணுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவனுடைய பக்கத்தின் பெரும்பகுதி, முன்பே கிடைத்த இன்னொரு விண்ணப்பத்தோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிறது என்று எழுதியிருந்தார்கள். அது அவனுடைய சொந்த எழுத்து என்பதற்கு ஆதாரம் இருந்தால் பதினான்கு நாளுக்குள் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளப்படும். மற்றவனின் பெயர் அதில் இல்லை. எனக்குத் தேவையும் இல்லை. தன் வாழ்க்கையை ஆங்கிலத்தில் சொல்ல மச்சானிடம் இருந்ததும் நான் தட்டிக் கொடுத்த அதே வசனங்கள்தான். அவற்றைத்தான் அவனும் அனுப்பியிருக்கிறான். ஆதாரம் அவன் கட்டிலுக்குக் கீழே, சட்டத்தரணியின் நீலக் கோப்பில், முத்திரையோடு இருந்தது. அதை அனுப்பினால் அவனுடைய விண்ணப்பம் பிழைக்கும், என்னுடைய இடம் போகும். நான் இரண்டு தரம் வாசித்தேன். வாயில் இருந்த பாணை விழுங்கினேன்.

"இடம் முடிஞ்சுதாம் மச்சான். வருத்தப்படுகினமாம்."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஓ. இடம் முடிஞ்சுதோ" என்றான். கடிதத்தை மடித்து ஜாக்கெட் பையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டான். பதினான்கு நாளும் அவன் வேலைக்குப் போன பிறகு நான் குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்ப்பேன். நீலக் கோப்பு அசையவில்லை.

அடுத்த மாரிக்குள் அவன் படிப்பை விட்டான். ஷிப்டைக் கூட்டிக்கொண்டான். பிறகு அப்டன் பார்க்கில் போன் திருத்தும் கடை ஒன்றை எடுத்து நடத்தத் தொடங்கினான். நான் பட்டம் வாங்கி, கட்டடங்களின் பாரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்து வைக்கும் வேலையில் இருக்கிறேன். அவனுக்கு அந்தக் கடிதம் விளங்கவில்லை என்று சில வருடம் நம்பினேன். ஒரு வருடம் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டவனுக்கு ஒரு பக்கக் கடிதம் விளங்காதா என்று மனம் கேட்கத் தொடங்கியதும் நம்பிக்கையை மாற்றினேன். அவனுக்கு எல்லாம் தெரியும், எனக்காக விட்டுக்கொடுத்தான். இது வசதியாக இருந்தது. அவனைத் தியாகி ஆக்கினால் நான் கள்ளன் இல்லை, கொடுத்து வைத்தவன்.

போன மாரியில், பத்து வருடம் பிந்தி, அவனுடைய கடைக்குப் போனேன். ஒருவர் நின்றால் மற்றவர் பக்கவாட்டில் நிற்க வேண்டிய கடை. "மச்சான், அந்தக் கடிதம்..." என்று தொடங்கினேன். எந்தக் கடிதம் என்று அவன் கேட்கவில்லை.

"நான் மூண்டு தரம் வாசிச்சிட்டுத்தான் உன்னட்டக் கொண்டந்தனான்" என்றான், கையிலிருந்த போனின் திருகாணியைக் கழற்றியபடி.

"பிறகேன் என்னட்டக் கேட்டனீ?"

"நீ என்ன சொல்லுவாய் எண்டு பாக்க."

எனக்காக அவன் செய்ததை நான் மறக்கவில்லை என்று, ரயிலில் ஒத்திகை பார்த்து வந்த வசனத்தைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"உனக்காகவோ? விசரா. அந்தப் பைலைக் காவிக்கொண்டு இன்னொருத்தனுக்கு முன்னால போய் நிண்டு, செத்தது என்ர அப்பாதான் எண்டு சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு. முதல் தரம் பொய் எண்டாங்கள். ரெண்டாந்தரம் களவு எண்டாங்கள். மூண்டாந்தரமும் கேக்கச் சொல்லுறியோ?"

வழக்கம்போல வாயில் வந்த பகிடி ஒன்றை விழுங்கினேன். அவன் திருகாணியை ஒரு மூடியில் போட்டுவிட்டு, நேர்காணலில் தன் அப்பாவைப் பற்றிக் கேட்டார்களா என்று விசாரித்தான். கேட்டார்கள் என்றேன். வயதான ஒரு பேராசிரியை; என்னுடைய பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். பிறகு பென்சிலை எடுத்து, அதில் இருந்த அகலத்தையும் உயரத்தையும் வைத்து ஓரத்தில் கணக்குப் போட்டார்.

"என்ன சொன்னவ?"

ஆங்கிலத்தில் சொன்னேன். மச்சான் தலையை ஆட்டினான். "தமிழில சொல்லு."

"உங்கட அப்பாவுக்காக நான் வருந்திறன் எண்டவ. பன்னிரண்டு குற்றி போட்டிருந்தாலும் அந்த ஈரமண்ணை அது தாங்கியிருக்காது எண்டவ. பதினைஞ்சு வயசுப் பிள்ளையின்ர பிழை இல்லை எண்டவ."

அவன் எழும்பி, கடைக் கதவின் பலகையை 'பூட்டியிருக்கிறது' என்ற பக்கம் திருப்பிவிட்டு வந்து மறுபடி இருந்தான். மேசையில் இருந்த போனைத் தொடவில்லை.

"இடத்தை விடு" என்றான். "இதை ஏன் எனக்கு அண்டைக்கே வந்து சொல்லேல்லை?"