சிரித்ததற்காகத் திரும்பி வந்தவள்

எங்கள் சங்கத்தில் ஏழு பேர். ஏழு பேருக்கும் ஒரே தொழில்தான், வீட்டு வேலைக்கு ஆள் தேடிக் கொடுப்பது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் புதிது புதிதாக அரசாங்கக் கந்தோர்கள் திறந்த காலம் அது. குளத்துக் கந்தோருக்கும் காணிக் கந்தோருக்கும் மாற்றலாகி வந்த உத்தியோகத்தர்களின் மனைவிமார் பெட்டியை இறக்கி வைத்த கையோடு கேட்பது, "இங்க வேலைக்கு ஒரு பெட்டை கிடைக்குமோ?" என்பதைத்தான். என் புருஷனுக்கு வவுனியா ரயில் ஸ்டேஷனில் சாமான் பதிகிற வேலை. அவரிடம் ஒருவர் கேட்டார், அவர் என்னிடம் சொன்னார், நான் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். அந்த வீட்டு அம்மா இன்னொரு வீட்டு அம்மாவுக்குச் சொன்னா. அப்படியே தொழிலாகிவிட்டது.

கூட்டிக்கொண்டு போகிற ஒவ்வொரு பெண்ணையும் அந்த வீட்டு வாசல் படலையில் நிறுத்தி மூன்று புத்தி சொல்வேன். "கூப்பிட்டவுடன போ. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. சிரிக்காத." முதலிரண்டும் எல்லாருக்கும் விளங்கும். மூன்றாவதைக் கேட்டால் முழிப்பார்கள். வேலைக்காரி சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று வீட்டுக்காரர் நினைப்பார்கள், அவ்வளவுதான் விஷயம். நானும் அதைப் பெரிய ஞானம் என்று நினைத்துச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சங்கம் தொடங்கியதே சண்டையால்தான். ஒருவர் கொடுத்த ஆளை மற்றவர் ஆசை காட்டி வேறு வீட்டுக்கு இழுப்பது, பிறகு பஸ் ஸ்டாண்டில் நின்று ஏச்சுப்பேச்சு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தேநீர்க் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவரும் எங்கள் தொழில்தான். வாடிக்கையாளர் முன்னால் நாங்கள் மானத்தை வாங்குகிறோம் என்று அவர்தான் எல்லாரையும் கூட்டி இருத்திச் சங்கமாக்கினார். அவர் தலைவர். கிளிநொச்சிக் குடியேற்றத்தில் காணி எடுத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் உபதலைவர். வெயிலோ மழையோ இல்லாவிட்டாலும் குடை பிடிப்பவர், ஆகையால் குடைக்காரர் என்றே இங்கு சொல்கிறேன். ஏழு பேரில் நான் ஒருத்திதான் பெண். எழுத வாசிக்கத் தெரியும் என்று காரியதரிசி வேலையை என் தலையில் கட்டினார்கள்.

சட்டதிட்டம் போடும்போது எல்லாரும் வந்தார்கள். போட்ட பிறகு ஒருவரும் வரவில்லை. கூட்டம் என்று தபாலட்டை போட்டால் ஒருவருக்கு மாடு கன்று போடும், இன்னொருவருக்குப் பல் வலிக்கும். நானும் நானாவும் எதிரும் புதிருமாக இருந்து பிளேன்ரீ குடித்துவிட்டு, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதி முடிப்போம். ஆளுக்காள் எதிரி என்று நினைக்கிறவர்களை ஒரே வாங்குப் பலகையில் இருத்துவது லேசான வேலையா?

எனக்கும் அது பெரிய கவலையாக இருக்கவில்லை, ஒட்டுசுட்டான் பெட்டை மூன்றாம் தரம் திரும்பி வரும் வரைக்கும்.

அவளுக்குப் பதினெட்டோ பத்தொன்பதோ வயது. காட்டோரத்தில் காணி, அந்தப் போகம் யானை இறங்கி வயலைத் துவைத்துவிட்டுப் போயிருந்தது. தகப்பன் பாயில் படுத்த வருத்தக்காரன். அடுத்த அறுவடை வரைக்கும் தம்பிமாரின் சோறு அவளின் கையில் இருந்தது. சமைப்பாள், கூட்டுவாள், களவு பொய் தெரியாது. ஒரே ஒரு குறை, சிரிப்பு. வந்தால் அடக்கத் தெரியாது.

முதலாவது வீட்டில் வாத்தியார் ஆர்மோனியம் வைத்துப் பாடிப் பழகினாராம். சிரித்தாள், அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் ஐயா கதிரையோடு பின்பக்கமாக விழுந்தாராம். தூக்கிவிட்டுத்தான் சிரித்தாள், ஆனாலும் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது குடைக்காரர் கொடுத்த வீடு, கிளிநொச்சியில் ஒரு அரிசி மில் முதலாளியின் வீடு. முதலாளி விறாந்தையில் நாலு பேருக்கு முன்னால், தான் கொம்பன் யானையைக் கைதட்டியே கலைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த நேரம் பார்த்துப் பின்வளவில் பசு ஒன்று கத்த, முதலாளி கதிரையில் ஏறி நின்றுவிட்டார். யானையோடு வளர்ந்த பெட்டை, அவளால் எப்படித் தாங்க முடியும்? கையிலிருந்த தேநீர்த் தட்டோடு அப்படியே நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாளாம். அன்று பின்னேரமே பஸ் ஏற்றிவிட்டார்கள்.

எங்கள் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. மூன்று தரம் திரும்பி வந்த ஆளை அங்கத்தவர் எவரும் எந்த வீட்டுக்கும் அனுப்பக்கூடாது. அதை மாற்றுவதென்றால் பொதுக்கூட்டத்தில் ஐந்து பேராவது இருக்க வேண்டும். இருந்தது நானும் நானாவும்.

"அக்கா, இனி என்னை ஒருத்தரும் எடுக்க மாட்டினமோ?" என்று அவள் கேட்டபோது கூட அந்தக் கண்ணில் கொஞ்சம் சிரிப்பு மிச்சமிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் அல்ல. களவெடுத்தவளுக்கும் சிரித்தவளுக்கும் ஒரே தண்டனை என்று எழுதிவைத்த எங்கள்மேல்தான்.

வைகாசிப் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வன்னி முழுவதும் போகும். எங்கள் ஆட்கள் கூட்டத்துக்கு வராவிட்டாலும் அம்மாளாச்சியிடம் வராமல் இருக்க மாட்டார்கள். நானா வருஷா வருஷம் அங்கே தேநீர்க் கொட்டில் போடுகிறவர். கூட்டத்தை அங்கேயே வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"வருவாங்கள், ஆனா எங்கட கொட்டிலுக்கு வருவாங்களோ தங்கச்சி?" என்றார் நானா.

"வரப் பண்ணுறன் நானா, நீங்க கேத்திலைக் கொதிக்க வையுங்கோ."

அந்தத் தரம் தபாலட்டையில் மாடு கன்று போட இடம் வைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரே வசனம் எழுதினேன்: "தங்களைப் பற்றி ஒரு அங்கத்தவர் ஏதோ பேசப் போவதாகக் கேள்வி." யார், என்ன என்று எழுதவில்லை. பொங்கலன்று காலமை பார்த்தால் மற்ற ஐந்து பேரும் வந்து நிற்கிறார்கள். ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, எல்லாரிலும் முன்னதாகக் குடைக்காரர்!

வெள்ளை மணலும் சனமும் பறையும் அரோகராவுமாக இருந்தது இடம். மரத்துக்கு மரம் வண்டில் அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கொட்டிலுக்குப் பக்கத்து நிழலில் பாயை விரித்து எல்லாரையும் இருத்தினோம். பெட்டையை நானாவுக்குத் தேநீர் பரிமாற நிறுத்தியிருந்தேன், ஆளைப் பார்த்தாவது மனம் இளகட்டும் என்று. "இண்டைக்கு முழுக்கச் சிரிக்க மாட்டன் அக்கா, அம்மாளாச்சி சத்தியம்" என்று விடியவே எனக்கு வாக்குத் தந்திருந்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். குடைக்காரர் எழும்பினார். குடையைச் சுருக்கி நிலத்தில் ஊன்றிக்கொண்டு பேசினார். "சட்டமெண்டா சட்டம். முதலாளி முகத்துக்கு நேர சிரிச்சவளை இன்னொரு வீட்டுக்கு அனுப்பினா எங்கட பேர் என்ன ஆகும்? ஆள் பாத்துக் குடுக்கத் தெரியாதவங்கள் எண்டு ஊர் சொல்லாதோ?" இரண்டு மூன்று தலைகள் ஆடின. குடைக்காரர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஐந்து பேரை வரப் பண்ணி, அவளுடைய கதவை நானே இறுக்கிச் சாத்திவிட்டேனோ என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஒரு பெண் எங்கள் பாய்க்கு முன்னால் வந்து முந்தானையை விரித்து நின்றா. வெறுங்கால், பழைய நூல் சேலை, விரித்த தலைமுடி, கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். முந்தானையில் கொஞ்சம் அரிசி கிடந்தது. பொங்கலன்று நேர்த்திக்கடன் வைத்து மடிப்பிச்சை எடுக்கிறவர்களும் வருவார்கள், வயிற்றுக்காகக் கேட்கிறவர்களும் வருவார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது, தெரியக் கூடாது என்பதுதான் நேர்த்தியே.

குடைக்காரருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நல்ல கை கால், முப்பது முப்பத்தைந்து வயது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் தொழிலுக்கு மாறினார்.

"பிள்ளை, இப்பிடி நல்ல உடம்பை வைச்சுக்கொண்டு ஏன் கையேந்துறாய்? வீட்டு வேலைக்கு வாறியோ?"

அவா அவரை ஒரு பார்வை பார்த்தா. "எந்த வீடு?"

"கிளிநொச்சியில மில் முதலாளி வீடு. கல்வீடு, வயிறு நிறையச் சோறு."

என் பக்கத்தில் கண்ணாடிக் கிளாசுகள் கிணுகிணுவென்று நடுங்கின. திரும்பினேன். தேநீர்த் தட்டை ஏந்திக்கொண்டு நின்ற பெட்டை கீழுதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து கண்ணில் நீர் முட்டி நின்றது.

"வீட்டம்மா எப்பிடி?" என்று அந்தப் பெண் கேட்டா.

"அவா கொஞ்சம் சிடுசிடுப்புத்தான். நான் கண்டதில்லை, எல்லாம் முதலாளியோடதான் பேச்சு. குனிஞ்ச தலை நிமிராம நிண்டா சமாளிக்கலாம்."

"அங்க எனக்கு என்ன வேலை?"

"சமையல், கூட்டுறது, பின்னேரத்தில வீட்டம்மாவுக்குக் கால் பிடிக்கிறது."

"அப்ப என்ர காலை நானே பிடிக்கிறதோ?"

குடைக்காரருக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. எங்களுக்கும்தான். விளங்கியதும் அவருடைய கை குடையை விட்டது, குடை மணலில் விழுந்தது. பெட்டையின் கையில் தட்டு இன்னும் கிணுகிணுத்தது. அந்த அம்மா சத்தம் வந்த பக்கம் திரும்பினா. தன் வீட்டில் வேலை செய்த பெட்டை, உதட்டைக் கவ்விக்கொண்டு, கண்ணால் நீர் வடிய, சத்தியத்தைக் காப்பாற்ற உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். முந்தானையிலிருந்த அரிசி மணலில் கொட்டக் கொட்டச் சிரித்தா. அதற்குப் பிறகு யாரைப் பிடித்து நிறுத்துவது? நானா கேத்திலை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். பல் வலிக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வண்டில் மாடு எழும்பிவிட்டது. பெட்டை மட்டும் சிரிக்கவில்லை, பாவம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா சொன்னா, "ஏன்டி, சிரியனடி! இவள் போன பிறகு அடுப்பெரிஞ்சாலும் என்ர குசினி செத்துப்போச்சு. அண்டைக்கு அவர் கதிரையில ஏறினதைக் கதவுக்குப் பின்னால நிண்டு நானும் பாத்தனான். நான் வாயைப் பொத்திச் சிரிச்சன், இவள் பொத்தேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். பொங்கல் முடிய அனுப்புங்கோ. அவரிட்ட நான் சொல்லுறன்."

"போறியோ?" என்று பெட்டையிடம் கேட்டேன்.

"வாறன் அம்மா. ஆனா பசு திரும்பவும் கத்தினா நான் என்ன செய்யிறது?" என்றாள்.

"ரெண்டு பேரும் சிரிப்பம்" என்றா அம்மா.

நானா தீர்மானத்தை வாக்குக்கு விட்டார். சிரித்ததற்காக அனுப்பப்பட்ட ஆளைத் திரும்பி வந்தவளாகக் கணக்கெடுப்பதில்லை என்று. முதலில் உயர்ந்த கை குடைக்காரருடையது. மனுஷன் குனிந்து மணலிலிருந்த அரிசியைப் பொறுக்கி அந்த அம்மாவின் முந்தானையில் போட்டுக்கொண்டே மற்றக் கையை உயர்த்தினார். அதோடு அவர்மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. கூட்டம் கலையவே இல்லை, மத்தியானம் எல்லாரும் ஒன்றாகவே இருந்து பொங்கல் சாப்பிட்டார்கள். யார் யாரைப் பற்றிப் பேசப் போகிறார் என்று கேட்க எல்லாரும் மறந்துபோனார்கள். அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்துக்கு வராமல் விட்டால் ஏதாவது வேடிக்கையைத் தவறவிட்டுவிடுவோம் என்ற பயத்தில் ஒருவரும் வீட்டில் நிற்பதில்லை.

அவளைக் கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். முதலாளி விறாந்தையில் நின்றார். எங்களைக் கண்டதும் இருமிக்கொண்டு உள்ளே போய்விட்டார். குசினிப் பக்கக் கதவில் அம்மா நின்றா.

வழக்கம்போலப் பெட்டையைப் படலையில் நிறுத்தினேன். தாவணியைச் சரிசெய்துவிட்டேன். "கூப்பிட்டவுடன போ. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு" என்றேன். வாயில் மூன்றாவதும் வந்து நின்றது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மற்றது அக்கா?"

"மற்றது மறந்துபோச்சு பிள்ளை. போ."

படலையைத் திறந்துகொண்டு போனாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். மில் மதில் முடிகிற இடத்துக்கு வரும்போது குசினிப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேருடைய சத்தம்.