டீச்சருக்கு ஐந்து நிமிடம்

சபையில் மைக் பிடிக்கிற தொழிலில் தொண்டை கட்டுவது பேசிப் பேசி அல்ல, அடுத்தவர் பட்டங்களை வாசித்து வாசித்துத்தான். வார நாளில் எனக்கு செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை. சனி ஞாயிறு என்றால் கல்யாணம், காதுகுத்து, பாராட்டு விழா. என்னைப்போல் மைக்கோடு மாரடிக்கும் சக பாவிகளே, லுக்குட் பக்கம் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி டீச்சருக்கு நாங்கள் விழா எடுத்த கூத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அவர் கேட்டது

மரகதம் டீச்சருக்கு எண்பத்து மூன்று வயது. எங்கள் அத்தனை பேருக்கும் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்தவர். எனக்கு மூக்கு ஒழுகினால் தன் முந்தானையால் துடைத்துவிடுவார். இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு நெஞ்சு இளகிப்போகும், அதை ஒளிக்க ஒன்றுமில்லை.

வாழ்க்கைக் குறிப்பு வாங்க மம்பாவில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். பிறந்த ஊர் எது, என்னென்ன விருது வாங்கினீர்கள் என்று நான் கேட்டதை அவர் காதிலேயே வாங்கவில்லை. நம் பள்ளிக்கூடத்தில் அடுத்த வருஷம் முதலாம் ஆண்டுக்கு ஒரு பிள்ளைகூடப் பதியவில்லை, அந்த வகுப்பையே பூட்டப் போகிறார்கள், உனக்குத் தெரியுமா என்று என்னைத் திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரியாது. பழைய மாணவர்கள் இத்தனை பேர் ஒரே இடத்தில் கூடுவது இனி எப்போது என்றும் கேட்டார்.

"மால, துண்டெல்லாம் எனக்கு வேணாம்யா. மைக்ல அஞ்சு நிமிஷம் மட்டும் வாங்கிக் குடு."

நகர்ந்த நாற்காலி

விழா நாளில் டீச்சரை முன் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார வைத்தோம். எல்லாம் பதினைந்து நிமிடம்தான். டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர் வந்தார், டீச்சர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். இன்னொரு டத்தோ துணைவியாரோடு வந்தார், டீச்சர் இன்னும் இரண்டு நாற்காலி தள்ளிப் போனார். ஒன்றரை மணி நேரம் தாமதமாகச் சிறப்பு விருந்தினர் படை பட்டாளத்தோடு வந்து சேர்ந்தபோது, விழா நாயகி ஓரத்தில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். காதைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழாக் குழுத் தலைவர் குணசேகரனிடம் போய்ச் சொன்னேன். அவரும் டீச்சரிடம் படித்தவர்தான், தோட்ட ஆபீசில் கணக்குப் பார்த்த பெரிய கிராணி வீட்டுப் பிள்ளை. என் தோளைத் தட்டிச் சிரித்தார்.

"டீச்சர் நம்ம ஆளுதானே லா, எங்க உக்கார வெச்சாலும் கோவிச்சுக்க மாட்டாங்க."

பதினோரு பொன்னாடை

நம் ஆட்களுக்குப் பொன்னாடை போர்த்துவது கௌரவத்துக்கு அல்ல, படத்துக்கு. ஒருவர் போர்த்தியதை எடுத்துவிட்டு அடுத்ததைப் போர்த்தலாமா என்றால், முதலில் போர்த்தியவர் முகம் தொங்கிவிடும். ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினோரு பொன்னாடை ஏறியது. டேவான் மண்டபத்தில் ஏர்கோன் வேறு வேலை செய்யவில்லை. படங்களில் டீச்சரைத் தேடினால் மூக்குக் கண்ணாடி மட்டும் தெரியும். நான் மைக்கில் அடுத்த பிரமுகரை அழைத்துக்கொண்டிருக்கும்போது டீச்சர் மெதுவாக என் கையைப் பிடித்தார்.

"வேர்க்குதுய்யா. இவங்க என்னைய வாழ்த்துறாங்களா, மூட்ட கட்டுறாங்களா?"

சீட்டு

தலைவர் குணசேகரன் நாற்பது நிமிடம் பேசினார். தமிழ்ப்பள்ளி நம் உயிர், தமிழ்ப்பள்ளியே நம் தேர்வு என்று முழங்கி, கடைசியில் குரல் உடைந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நல்ல கைதட்டு. இறங்கி வந்ததும் என் கையில் ஒரு சீட்டைத் திணித்தார். 'ஏற்புரை கட், நேரே சாப்பாடு' என்று இருந்தது. டீச்சருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று இழுத்தேன். அடுத்த மாதம் தன் மகள் கல்யாணத்துக்கும் மைக் நான்தான் என்பதை ஞாபகப்படுத்திவிட்டு, என் காதோடு சொன்னார்.

"பிரியாணி ஆறுது. டீச்சர் என்ன பேசிடப் போறாங்க, நன்றிதானே சொல்லுவாங்க?"

ஐந்து நிமிடம்

வீட்டுப்பாடம் செய்யாத அன்று என்னை எப்படிப் பார்ப்பாரோ அப்படியே டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். ஏற்புரைக்கு டீச்சரை அழைத்தேன். கல்யாணம் போனால் போகட்டும்.

மைக்கை அவர் வாய்க்கு நேரே நானே பிடித்தேன். அவர் நன்றி சொல்லவில்லை. முதலாம் ஆண்டு வகுப்பைப் பூட்டப் போகும் விஷயத்தை இரண்டே வரியில் சொன்னார். பிறகு சபையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, அடுத்த வருஷம் உன் பேத்திக்கு ஏழு வயசாகிறதே, எங்கே பதிந்திருக்கிறாய் என்று கேட்டார். மைக்கை என் வாய்க்கு நேரே தள்ளிவிட்டார். "சீனப்பள்ளி, டீச்சர்" என்று நான் சொன்னது டேவான் முழுக்கக் கேட்டது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். மைக்கைக் கொண்டு போய் முன் வரிசையில் ஒவ்வொருவரிடமும் நீட்டு என்றார்.

நீட்டினேன். ஒரு டத்தோவுக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. ஒருவர் குனிந்து செருப்பைத் தேடினார், செருப்பு காலில்தான் இருந்தது. இன்னொருவர் அதெல்லாம் மருமகள் முடிவு என்றார். தலைவர் அனைத்துலகப் பள்ளி என்று முனகினார். அப்போது பின்னாலிருந்து, சாப்பாடு பரிமாற வந்த ஒரு பெண் கரண்டியோடு கை தூக்கினாள். அவள் டீச்சரிடம் படித்தவள் இல்லை, எங்கள் தோட்டத்துக்காரியும் இல்லை. அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் சேர வேண்டிய இரட்டைப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தூரம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், நாளைக்கே வந்து பதிகிறேன் என்றாள். டீச்சர் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், அழுதுவிட்டார். நானும்தான்.

வகுப்பைப் பூட்டவில்லை, இரண்டு பேரோடு நடக்கிறது. பேத்தியை அங்கே மாற்றலாமா என்று என் மருமகள் இன்னும் யோசிக்கிறாள். அன்றைக்கு டீச்சரோடு உட்கார்ந்து சாப்பிட முன் வரிசையிலிருந்து ஒருவரும் வரவில்லை. தலைவர் மட்டும் தட்டோடு என்னிடம் வந்தார்.

"இனிமே பெரியவங்களுக்கு விழா எடுத்தா, ஏற்புரைன்ற பேச்சே இருக்கக் கூடாது லா."

ஆசிரியரை மதிப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது, அவர் வாயைத் திறக்காத வரைக்கும்.