அக்கா வண்டியின் பின் ஸ்பிரிங்

விளக்கு பச்சையானதும் அக்காவின் வண்டி முன்னால் போகாமல் மேலே எழுந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. நேர்கோட்டில் ஒரே பாய்ச்சலாகப் போய் யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார்கள் என்பதுதான் அந்த பைக் பந்தயம். பட்டுக்கோட்டையிலிருந்து வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு சென்னைக்கு அப்பால் இருக்கும் ஓடுதளத்துக்குப் போயிருந்தோம். கிளட்சை விட்டதுமே வண்டியின் பின்பக்கம் பொதுக்கென்று அமுங்கியது. முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது. அக்கா பக்கவாட்டில் விழுந்தாள். காறை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "வண்டிக்கு என்னாச்சுங்க?" என்று அத்தானைக் கேட்டாள். அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அத்தான் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் மாதா கோயிலுக்குப் போய்வர அவருடைய வண்டியை வாங்கியவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்போம்.

எலும்பு கூடியதும் மறுபடியும் ஓட்டப் போவதாகச் சொன்னாள். அத்தான் தடுக்கவில்லை. ஆனால் பின்பக்கம் ரொம்பக் கெட்டியான ஸ்பிரிங் போட்ட ஷாக் அப்சார்பரை மாட்டினார். பின்பக்கம் அமுங்கினால்தானே முன்பக்கம் எழும்பும் என்பது அவர் கணக்கு. பெரியப்பாவின் கொப்பரைக் களம் நீளமான சிமெண்ட் தளம். காய்ந்த கொப்பரையை அள்ளிய பிறகு அங்கே ஓட்டிப் பார்த்தோம். முன்சக்கரம் தரையைவிட்டு அசையவில்லை. ஆனால் பின் டயர் தரையைப் பிடிக்காமல் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை கக்கியது. வண்டி தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போனது.

"கொஞ்சம் இளக்குங்க. பின்னால பாரம் உக்காந்தாத்தான் டயர் பிடிக்கும்" என்றாள் அக்கா.

"இப்படியே இருக்கட்டும்மா. பழகிடும்."

"நான் விழக் கூடாதுன்னு ஸ்பிரிங் போட்டிருக்கீங்க. நான் போக வேணாமா?"

அத்தான் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். "அன்னைக்கு நீ அசையாமக் கெடந்தியே, எனக்குக் கைகால் ஓடல" என்றார். ஆஸ்பத்திரியில்கூட அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு இருவருமாகவே ஸ்பிரிங்கைக் கொஞ்சங்கொஞ்சமாக இளக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் ஓட்டிவிட்டு வந்து சொல்வாள், அவர் திருகுவார். பொழுது சாய்வதற்குள் வண்டியின் பின்பக்கம் அளவாக அமுங்கி, முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் சீறிக்கொண்டு போனது. அக்கா களத்தின் கோடியிலிருந்து கத்திய கத்தலில் தென்னையிலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன.

அடுத்த பந்தயத்தில் அவள் இரண்டாவதாக வந்தாள். புறப்பாட்டில் மட்டும் அவளை யாராலும் முந்த முடியவில்லை. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது அத்தான் என் காதருகே குனிந்து, "வீடியோ எடுத்தியாம்மா? எப்படிக் கெளம்புனா? நான் கண்ண மூடிக்கிட்டேன்" என்றார்.

அக்கா இன்னமும் ஓட்டுகிறாள். அத்தான் இப்போது கண்ணை மூடுவதில்லை. விளக்கு மாறும் வரை வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பார். வண்டி கிளம்பியதும் கம்பியை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் சொல்வார்: "எங்க வீட்டுக்காரம்மாங்க."