கால் படாத இடத்தில் ஊற்றிய தண்ணீர்

டேய் அண்ணா! அண்ணோவ்!

இப்படித்தான் கூப்பிடுவேன். உயிரோடு இருந்தபோதே திரும்பிப் பார்க்க மாட்டான். தொட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பான். இப்போது கேட்கவே வேண்டாம்.

ஆரணியில் கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி அரை நாள் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், பின்பக்கம் பவர்லூம் ஓடுகிற எங்கள் வீட்டின் முன்ரூமில், என் அண்ணன் ஒரு கடலை வைத்தான். இரண்டடி நீளத் தொட்டி. சென்னைக் கடையிலிருந்து அதற்கென்று தனி உப்பு, ஓட்டை ஓட்டையாய்க் கல், நீல விளக்கு. ஒரு மாதத்துக்கும் மேல் வெறும் கல்லும் உப்புத்தண்ணீரும்தான் இருந்தன. பெரியப்பா தினமும் வந்து சிரிப்பார்.

"இன்னாடா, கல்லுக்குத் தண்ணி காட்டிகினு கீற?"

"தண்ணி பழகணும் பெரிப்பா. அப்பதான் பவழம் வுட முடியும்."

"தண்ணி பழகணுமா? நீ மொதல்ல வேலைக்குப் பழகுடா."

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் நெய்த புடவையை விற்கிறவர். அறுந்த ஓர் இழையைக்கூட அவர் கை முடிந்ததில்லை. ஆனால் உலகத்தில் அவருக்குத் தெரியாத தொழிலே கிடையாது.

பிறகு பவழங்கள் வந்தன. மூன்றே மூன்று. ஒன்று பச்சைப் புல் மாதிரி, ஒன்று ஊதாக் காளான் மாதிரி, ஒன்று சட்டைப் பட்டன்களைக் கூட்டமாக ஒட்டிவைத்த மாதிரி, ஆரஞ்சு நிறத்தில். கூடவே கண்ணாடியைச் சுத்தம் செய்ய இரண்டு நத்தைகள். தெருவே வந்து பார்த்தது. பார்த்ததா, கண்ணாடியை டொக் டொக்கென்று தட்டியது. பெரியப்பா விரலில் இருந்த பவழ மோதிரத்தைக் கழற்றித் தொட்டியோடு ஒட்டிப் பிடித்தார்.

"ரெண்டும் ஒண்ணா இல்லியே. நல்லா ஏமாத்திட்டான்டா உன்ன."

அவர் போன பிறகு அண்ணன் என்னிடம் சொன்னான்: "தொட்டிக்குள்ள கை வுடாத. லைட்ட எட்டு மணி நேரத்துக்கு மேல போடாத. பேன் காத்துல தண்ணி வத்தும், ஆனா உப்பு உள்ளயே நிக்கும். அதனால வத்தின அளவுக்கு வெறும் பில்டர் தண்ணி ஊத்து. வேற எதையும் மாத்தாத. அதுங்களுக்கு மாத்தமே புடிக்காது, நம்ம பெரிப்பா மாரி."

ஒருநாள் தொட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் பைக்கில் வேலூருக்குப் போனவன் கண்ணமங்கலத்தைத் தாண்டித் திரும்பி வரவில்லை. லாரி. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

வீடு நிறைய சொந்தக்காரர்கள். பிணத்தைப் பார்த்ததைவிடத் தொட்டியை அதிக நேரம் பார்த்தார்கள். அது வந்த நேரம்தான் அவனைக் கொண்டுபோனது என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டியதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் அவர்களில் யாருமே போடுவதில்லை.

"உப்புத்தண்ணி நின்னா வூடு வெளங்குமா?" என்றார் பெரியப்பா. "பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் தூக்கி வெளிய போட்டுடலாம்."

அம்மா அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். "உள்ள இருக்கறது உசுரோட இருந்தா இருக்கட்டும். செத்துட்டா எடுத்துனு போங்க."

அவ்வளவுதான் கணக்கு. பதினாறாம் நாள் வரை நான் அவற்றைச் சாகாமல் வைத்திருக்க வேண்டும். எட்டாவதோடு படிப்பை விட்டவள்தான் நான். ஆனால் கண்ணாடியைத் தட்டுகிறவர்களைவிட எனக்கு மூளை அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் போட்டோ முன்னால் விளக்கும் ஒரு செம்புச் சொம்பில் தண்ணீரும் வைத்திருந்தோம். காலையில் அம்மா அந்தச் சொம்பைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, புதுத் தண்ணீர் பிடித்து வைப்பாள். முந்தின நாள் தண்ணீரை என்னிடம் கொடுத்து, "கால் படாத எடத்துல ஊத்துடி" என்பாள்.

எங்கள் வீட்டில் செடி இல்லை. வாசல் முழுக்க சிமென்ட், தெரு முழுக்கச் செருப்பு. கால் படாத இடம் எங்கே இருக்கிறது? தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் விரல் அளவு வற்றியிருந்தது. சொம்பில் இருந்ததும் பில்டர் தண்ணீர்தான். ஊற்றினேன். தினமும் ஊற்றினேன். அம்மா ஒருநாள் பார்த்துவிட்டு, "அவன் தண்ணி அவனுக்கே போவுது, நல்லதுடி" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறாம் நாள் நத்தைகள் மல்லாந்து கிடந்தன. எட்டாம் நாள் புல் சுருங்கி மூடிக்கொண்டது. காளான் வெளுத்துக் கிழிந்த துணி மாதிரி ஆனது. நான் எல்லாவற்றின் மேலும் பழி போட்டேன். கற்பூரப் புகை, பிள்ளைகளின் பிஸ்கட், யாருடைய கையோ. கடைசியில் பெரியப்பா.

"நீங்கதான கை வுட்டீங்க?"

"அந்த நாத்தத்துல நான் ஏன்டி கை வுடப் போறேன்!"

"பொய் சொல்றீங்க" என்றேன், அத்தனை பேர் முன்னால். அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். போகட்டும் என்றிருந்தேன்.

பதினோராம் நாள் சென்னைக் கடைக்குப் போன் போட்டேன். எடுத்த ஆள் வரிசையாகக் கேட்டான். சூடு சரி. உப்பு சரி. விளக்கு சரி.

"என்ன தண்ணிம்மா ஊத்தறீங்க?"

"பில்டர் தண்ணிதாங்க."

"எதுல புடிச்சு?"

"சொம்புலங்க."

"சில்வர் சொம்பா?"

போட்டோ பக்கம் திரும்பினேன். அண்ணனுக்கு முன்னால் அது தகதகவென்று சிவந்து மின்னிக்கொண்டிருந்தது.

"செம்புங்க."

"ஐயோ, என்னம்மா நீங்க! மனுஷனுக்குத்தான் அது நல்லது. பவழத்துக்கு வெஷம். துளி எறங்கினாலே போதும். நத்தைதான் மொதல்ல சாவும்."

நத்தைதான் முதலில் செத்தது.

கண்ணாடியைத் தட்டியவன் கண்ணாடியைத் தட்டினான், அவ்வளவுதான். மோதிரம் காட்டியவர் மோதிரம் காட்டினார். தினமும் காலையில் பக்தியோடு விஷம் ஊற்றியது, மூளை அதிகமுள்ள நான். அண்ணன் ஏமாளி என்று பெரியப்பா சொன்னார். என்னை நம்பி இந்தத் தொட்டியை விட்டுப் போனான் பாருங்கள், அந்த வகையில் அவன் ஏமாளிதான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தச் சொம்பைத் தேய்த்த கை அவளுடையது. மறுநாளிலிருந்து சொம்புத் தண்ணீரைப் பக்கத்து வீட்டுச் சுவர் மேல் எக்கி, அவர்கள் வாழைமரத்தடியில் ஊற்றினேன். கடைக்காரன் சொன்னபடி பக்கெட்டில் உப்பு கரைத்து, தொட்டித் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். விஷத்தை உறிஞ்ச ஒரு துணிப்பையில் கரித்தூள் கட்டித் தொட்டியின் பில்டரில் வைத்தேன். புல் அழுகிப்போனது. காளான் கரைந்தே போனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெரியப்பா தொட்டியைத் தூக்க ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பட்டன் கூட்டத்தில் மற்றதெல்லாம் மூடிக் கிடக்க, ஒரே ஒன்று மட்டும் ஆரஞ்சு வட்டமாக விரிந்திருந்தது.

"இதுவா?" என்றார் பெரியப்பா. "ஒரு பட்டனுக்கா இவ்ளோ கரண்டு?"

அம்மா என்னைக் கேட்டாள். "உசுரு இருக்குதா?"

"இருக்குதும்மா."

"அப்ப இருக்கட்டும்."

அந்த ஒன்று இன்று நான்காகியிருக்கிறது. பெரியப்பா இன்னும் வந்து சிரிக்கிறார். அவரை எனக்குப் பிடிக்காது, இனியும் பிடிக்கப்போவதில்லை. ஆனால் அவர் தொட்டியில் கை விடவில்லை. அதை அவரிடம் இன்னும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விஷம் ஊற்றியது நான்தான் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன், தொட்டி முன்னால் உட்கார்ந்து. அவன் எப்போதும்போல் திரும்பவில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். கோவிலோ சர்ச்சோ, நீங்கள் எங்கே கும்பிட்டாலும் சரி, எல்லாரும் என் அண்ணனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.