கிருமிகளுக்கும் தவக்காலம்

அறுபதுகளில் விருதுநகர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எனக்கு லேப் வேலை. சீழையும் சளியையும் சாற்றில் விட்டுக் கிருமி வளர்ப்பதுதான் உத்தியோகம். "அத்தாவுக்கு ஏவாரம், மகளுக்குப் புழு வளர்ப்பு" என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே, சம்பளம் என் கைக்குத்தானே வந்தது!

கிருமிக்குத் தீனி ஆட்டுக்கறிச் சாறு. வாரா வாரம் ஆஸ்பத்திரிச் சமையல்கார அக்கா கறியை வேகவைத்து, கொழுப்பெடுத்து, வடிகட்டி ஒரு தூக்கில் தருவார். நான் அதைக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, நீராவியில் வேகவைத்து வைத்துக்கொள்வேன். புண்ணைத் தொட்ட பஞ்சுக்குச்சியை அதில் விட்டால், கிருமி இருக்கிற பட்சத்தில் சாறு கலங்கிவிடும். தெளிந்தே நின்றால் புண் சுத்தம்.

அச்சங்குளம் பட்டாசு ஆலை ஒன்றிலிருந்து ஒருவர் வந்து படுத்திருந்தார். வெடிமருந்து தீப்பற்றி வலது புறங்கை வெந்திருந்தது. தொடைத் தோலை எடுத்து ஒட்டினால் விரல் மடங்கும். இல்லாவிட்டால் கை மரக்கட்டைதான். "புண்ணுல கிருமி இருந்தா ஒட்டின தோல் அழுகிரும்" என்றார் டாக்டரம்மா. என் குழாயோ கிணற்றுத் தண்ணீராகத் தெளிந்து நின்றது. கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். சமையல்கார அக்கா சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏம்மா லேப்பம்மா, எங்க பூசணிக்காச் சாறு ஒங்க கிருமிக்குப் பிடிச்சுதா?"

"எந்தப் பூசணிக்கா?"

"தவக்காலம்ல! ஈஸ்டர் வரைக்கும் அடுக்களையில கறியே கிடையாது. தூக்கு வெறுமனே போகக் கூடாதேன்னு பூசணிக்காய வேகவச்சு வடிச்சுக் குடுத்தேன். நாமளே ஒருசந்தி விரதம் இருக்கோம், கிருமிக்கு மட்டும் கறி கேக்குதாக்கும்?"

"அடப் பாவி அக்கா! கிருமியப் பட்டினி போட்டுட்டீகளே!"

"நல்லதுதான! பட்டினி கெடந்தா செத்துரும்ல?"

சாகாதே! அதுதானே வம்பு. மழை பிடித்தால் பட்டாசுக் கம்பெனிக்காரர் கையிலிருக்கும் மருந்தை மூடிவைத்துவிட்டு வெயிலுக்குக் காத்திருப்பதில்லையா, அதே கதைதான். வளர்வதை நிறுத்திக்கொண்டு கிருமி சும்மா கிடக்கும். 'நிறுத்து' என்று அதற்குச் சேதி சொல்வது யார் என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். அமினோ அமிலம் தீர்ந்ததும் கிருமியே ஒரு குட்டி நியூக்ளியோடைடைச் செய்துகொள்கிறது. நம் மரபணு எழுத்துகளுக்குச் சொந்தக்கார இனம்தான், பாஸ்பேட் மட்டும் கூடுதலாக ஒட்டியிருக்கும். அது பெருகினால் புரதம் செய்யும் பட்டறைகளைப் புதிதாகக் கட்டும் வேலை நின்றுபோகும். கண்டுபிடித்தவர்கள் அதற்கு 'மாயப்புள்ளி' என்று செல்லப்பெயர் வைத்தார்களாம். என் குழாயில் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன், சத்தியம் செய்ய மாட்டேன்.

கை கழுவாமலே டாக்டரம்மாவிடம் ஓடினேன். ஆபரேஷன் நின்றது. விஷயம் கேட்டதும் அந்த மனிதர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில இல்லாத கிருமி இப்ப எங்கிட்டு இருந்து வந்துச்சு? இன்னும் எம்புட்டு நாளைக்கு இங்கன கெடக்க?"

எனக்கும் கோபம் மூக்குக்கு மேல். "கை வேணுமா வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

நாங்கள் முஸ்லிம்கள், எங்கள் வீட்டில்தான் தவக்காலம் இல்லையே! அம்மா கறிச் சாறு வைக்க, அத்தா சைக்கிளில் கொண்டுவந்து சேர்த்தார். வேகவைத்து ஆறவைத்து, பழைய குழாயிலேயே கொஞ்சம் ஊற்றினேன். சாற்றிலேயே கிருமி இல்லை என்று தெரிய, புண்ணைத் தொடாத குழாய் ஒன்றிலும் ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன். விடிந்து பார்த்தால் புண்ணைத் தொடாத குழாய் தெளிவு, பழைய குழாய் அரிசி களைந்த தண்ணீர். இரண்டையும் அவர் கட்டிலுக்கே எடுத்துப்போய்க் காட்டினேன். வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுக்கு மேலயா தோல ஒட்டப் பாத்தீக?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஊசி போட்டு, புண்ணைக் கழுவிக் கழுவி, கறிச் சாறும் தெளிந்து நின்ற பிறகுதான் தோலை ஒட்டினார்கள்.

ஈஸ்டர் அன்று அடுக்களையில் கறி மணத்தது. அந்த மனிதரின் கைக்கட்டைப் பிரித்து அதிக நாளாகவில்லை. அக்கா அவருக்குத் தட்டில் சோறும் குழம்பும் போட்டு, பக்கத்தில் ஒரு கரண்டியும் வைத்தார். "சர்ச் சாமியார்ட்ட கேட்டுட்டேன் லேப்பம்மா, இனி ஒங்க கிருமிக்கு ஒருசந்தி கிடையாது" என்று என்னிடம் சொன்னார்.

நான் அந்த வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கரண்டியைத் தள்ளி வைத்தார். இளஞ்சிவப்புத் தோல் இழுபட, விரல்கள் மெல்ல மடங்கின. முதல் கவளத்தில் பாதி தட்டிலேயே சிந்தியது. மீதி வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.