எழுந்தால் பன்மை

அரியலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். எழுவாய்க்கு ஏற்ற வினையைப் போடச் சொன்னால் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லா வினைக்கும் ஒரு ‘எஸ்’ ஒட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்துவிட்டுத்தான் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தேன். நான் எழுவாயைச் சொல்வேன். ‘டாக்’ என்றால் உட்கார்ந்தபடியே ‘பார்க்ஸ்’ என்று கத்த வேண்டும். ‘டாக்ஸ்’ என்றால் எழுந்து நின்று ‘பார்க்’. தவறினால் அவுட். எனக்கு மூக்கு நுனியில் கோபம். விளையாட்டு நேரத்தில் மட்டும் பிள்ளைகள் அதை மறந்துவிடுவார்கள்.

அன்று சாப்பாட்டு மணிக்குப் பிந்திய வகுப்பு. ‘டாக்ஸ்’ என்றேன். வகுப்பே எழுந்தது, மூன்றாவது பெஞ்சில் ஒருத்தியைத் தவிர. செட்டிகுளத்திலிருந்து வருகிறவள். எப்போதும் முதல் ஆளாகப் பதில் சொல்கிறவள். அவுட் சொல்லாமல் இன்னொரு வாய்ப்பாக ‘கேர்ள்ஸ்’ என்றேன். அப்போதும் எழவில்லை.

“ஏன்டி, பத்து நாளா கரடியாக் கத்துறேன். ஒருமை பன்மைகூடத் தெரியாதா உனக்கு?”

பையன்கள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

‘பேர்ட்ஸ்’ என்றேன். இப்போது அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்த பெண்களும் எழவில்லை. அடுத்த முறை அந்தப் பெஞ்சில் ஒருத்திகூட எழவில்லை. கூட்டுச் சேர்ந்து என்னையே எதிர்க்கிறார்களா என்று ரத்தம் கொதித்தது. விறுவிறுவென்று பக்கத்தில் போன பிறகுதான், அவள் இரண்டு கையாலும் சட்டையைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். வகுப்பிலேயே மாதவிலக்கு வந்துவிட்டது. சீருடையெல்லாம் கறை. பக்கத்துப் பெண்களுக்கு முன்னமே புரிந்துவிட்டது, எனக்குப் புரியத்தான் நாலு எழுவாய் தேவைப்பட்டது. வெட்கமாக இருந்தது.

மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம். அதற்குப் பிறகு நான் பன்மையே சொல்லவில்லை. கேட், கவ், டீச்சர் என்று போய்க்கொண்டிருந்தேன்.

“என்ன மிஸ், ஒண்ணொண்ணாவே சொல்றீங்க? போரடிக்குது,” என்றான் பின்பெஞ்சிலிருந்து ஒருவன்.

“வாயை மூடிட்டு ஒக்காருடா.”

மணி அடித்ததும் பையன்களை மைதானத்துக்கு விரட்டினேன். சேலைக்கு மேல் போட்டிருந்த ஓவர்கோட்டைக் கழற்றினேன். ஆசிரியைகள் வளாகத்துக்குள் அதைக் கழற்றக் கூடாது என்பது எங்கள் பள்ளியின் சட்டம். கேட்டால் கேட்கட்டும் என்று அவளுக்குப் போட்டுவிட்டேன். முழங்காலுக்குக் கீழே வரை மூடியது.

ஓய்வறைக்கு நடக்கும்போது, “வலிக்குதாம்மா? வூட்டுக்குப் போன் போடட்டுமா?” என்று கேட்டேன். அவள் வாசலில் நின்றாள்.

“மிஸ், எனக்குத் தெரியும் மிஸ்.”

“என்னம்மா தெரியும்?”

“டாக்ஸ் பார்க். கேர்ள்ஸ் சிங். பேர்ட்ஸ் ஃப்ளை.”

சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள்.