வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கன்வெர்ட்டர்

லெந்து எனும் தவக்கால நாட்களில் எங்கள் தரங்கம்பாடித் தெருவில் வெள்ளிதோறும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். தியானம் வாசிப்பவர் என் வீட்டுக்காரர். எல்லாம் அவரே எழுதி, கடைத்தெருவில் அடித்துப் பிடிஎஃபாகவும் வாங்கி வைத்து, வருஷாவருஷம் வாசிப்பவை. சர்க்கரை கண்ணில் கைவைத்த பிறகு தாளில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

"இந்த வாரம் முடியலைன்னா வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடு" என்றார். அந்த வாசிப்பும் போய்விட்டால் மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

மகள் சென்னையிலிருந்து ஒரு இ-புக் ரீடர் அனுப்பியிருந்தாள். "பிடிஎஃபை அப்படியே ஏத்தாதீங்கம்மா, எழுத்து சரியாப் பெருசாகாது. இ-பப்னு ரீடருக்குன்னே இருக்கிற ஃபைலா மாத்துங்க" என்றாள் போனில். மாத்தணுமாம்! எதில் மாற்றுவது?

முதலில் இலவசமாக மாற்றித் தரும் இணையதளம் ஒன்றில் போட்டேன். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. அடுத்து கம்ப்யூட்டரில் இறக்கிய ஒரு சாஃப்ட்வேர். ஆங்கில எழுத்தும் கமாவுமாகக் கொட்டியது. புதன் மதியமாகிவிட்டது, உலை வைக்கவே மறந்துபோனேன். மகளிடம் கத்தினேன். ஃபைலை வாங்கிப் பார்த்த பிறகுதான் அவள் கண்டுபிடித்தாள், கடைத்தெரு டிடிபி சென்டரில் எல்லாவற்றையும் பழைய தமிழ் ஃபாண்டில் அடித்திருக்கிறார்கள்.

"முதல்ல எல்லா மெஷினும் படிக்கிற யூனிகோடுக்கு மாத்தணும்மா. அதுக்குத் தனி கன்வெர்ட்டர் இருக்கு. அப்புறம்தான் இ-பப்."

அடிப்பாவி, இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன!

வியாழன் சாயங்காலம் சுத்தமான தமிழ் வந்தது. வரிகளுக்கு நடுவே புகுந்திருந்த பக்க எண்களை ஒவ்வொன்றாக அழித்தேன். இ-பப்பாக்கி ரீடரில் ஏற்றி, எழுத்தை ஆகப் பெரிதாக்கி அவர் கையில் கொடுத்தேன்.

"தெரியுதாங்க?"

"நல்லாத் தெரியுது."

நான்காவது முறை கேட்டபோது எரிந்து விழுந்தார்.

வெள்ளியன்று எதிர்வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. நான் அவரை ஒட்டி உட்கார்ந்தேன். எங்காவது கட்டம் முளைத்து, எல்லார் முன்னாலும் அவர் திக்கி நின்றுவிடுவாரோ என்று பயந்தேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவரோ தங்குதடையின்றி வாசித்தார். இரண்டாம் பத்தி முடிந்து மூன்றாவதும் தொடங்கியது. திரையில் முதல் ஆறு வரிகளே இருந்தன. அவர் பக்கத்தைத் திருப்பவேயில்லை.

ஐயோ, மனிதர் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெரிய எழுத்தும் தெரியவில்லை.

எதிரில் இருந்த பெண் கழுத்தை நீட்டி ரீடரைப் பார்த்தாள். நான் கையை நீட்டிப் பக்கத்தைத் திருப்பினேன். அவர் குரல் ஒரு கணம் நின்றது, பிறகு தொடர்ந்தது. ஜெபம் முடியும்வரை நான் திருப்பிக்கொண்டே இருந்தேன்.